பாடக்குறிப்பில் ஒரு கோழி

“கணக்குப் பாடத்துக்கு எதுக்குங்க மிதுன் சார், கோழி?”

அன்புக்கரசி பாடக்குறிப்பு நோட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். எதிரே மிதுன் நின்றிருந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இன்னும் நிரந்தரமாகவில்லை.

“ரெண்டாம் வாய்ப்பாட்டுக்குங்க மேடம். கோழிக்கு ரெண்டு காலுங்க.”

“உங்களுக்கும் எனக்குங்கூட ரெண்டு கால்தானுங்க. அதுக்குன்னு கோழியப் புடிச்சுட்டு வருவீங்களா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசாத்தாள் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பஷீர் சார் ஜன்னல் வழியே தென்னந்தோப்பைப் பார்த்தார்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு அன்புக்கரசி பாட ஒருங்கிணைப்பாளராக வந்து இரண்டு மாதம் ஆகிறது. எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களோடு கூட உட்கார்ந்து திட்டம் போட்டுத் தருவதுதான் அவள் வேலை. உட்கார்ந்த இடத்திலெல்லாம் கோழி வந்து நின்றது.

“சிரிக்காதீங்க டீச்சர். உங்க தமிழ் நோட்டுலயும் இருக்குது. ‘துணைக்கருவி: அமைதியான சுபாவமுள்ள கோழி ஒன்று.’ இது எதுக்குங்க?”

“கொ, கோ எழுத்து நடத்தறதுக்குங்க அம்மணி.”

“பஷீர் சார், நீங்க?”

“ஹெச் ஃபார் ஹென்னுங்க மேடம்.”

“அடுத்த வரியும் மூணு பேர்த்து நோட்டுலயும் ஒண்ணேதான். ‘மாணவர்கள் கோழியை ஐந்து நிமிடம் அன்புடன் நோக்குவர்.’ எந்தக் கோழிங்க அஞ்சு நிமிசம் நின்னு குடுக்கும்? இத்தன வருசத்துல ஒரு கோழியாச்சும் இந்தப் பள்ளிக்கோடத்துக்குள்ள வந்திருக்குதுங்களா?”

“ஒருக்கா வந்துச்சுங்க,” என்றார் ராசாத்தாள் டீச்சர். “பக்கத்து ஊட்டுக் கோழி. தானா வந்துச்சு. நோக்கறதுக்குள்ள ஓடிருச்சுங்க.”

அன்புக்கரசிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“விளையாட்டு இல்லீங்க. தாளாளர் நேத்து நோட்டெல்லாம் பார்த்துப்போட்டாரு. மொதல்ல அவர் கையில மாட்டுனது மிதுன் சார் நோட்டு. ‘இதை ஆரம்பிச்சு வெச்சது யாரு? நாளைக்கு நாலு மணிக்குள்ள எனக்குப் பேரு வேணும். இல்லைன்னா அந்தப் புதுப் பையனை இந்த மாசத்தோட நிறுத்திப்போடலாம்’னு சொல்லிட்டாருங்க.”

மிதுன் முகம் வெளுத்தது. “மேடம், வர்ற புதன்கிழமை எனக்கு நிச்சயம் வெச்சிருக்குதுங்க.”

“அப்பச் சொல்லுங்க. யாரப் பார்த்து எழுதுனீங்க?”

“பஷீர் சார் நோட்டுங்க.”

“பஷீர் சார்?”

“டீச்சர் நோட்டுங்க.”

“டீச்சர்?”

“மணி மூணரை ஆச்சுங்களே அம்மணி, ஒரு வாய் டீ குடிச்சுப்போட்டு வந்து பேசலாமுங்களா?”

“டீச்சர்!”

ராசாத்தாள் டீச்சர் பெருமூச்சு விட்டார். “பீரோவுல கெடந்த பழைய நோட்டுங்க. எழுதுனவங்க நல்ல மனசுக்காரங்க. விட்டுப்போடுங்களே.”

“யாருங்க அவங்க? இப்ப எங்க?”

“ரிடையர் ஆயிட்டாங்க,” என்றார் ராசாத்தாள் டீச்சர்.

“துபாய் போயிட்டாங்க,” என்றார் பஷீர் சார், அதே நேரத்தில்.

அன்புக்கரசிக்குக் கோபம் வந்துவிட்டது. “எதுக்குங்க ஒளிக்கிறீங்க? அந்த அறிவாளி எழுதி வெச்சதைப் பார்த்துத்தானே இத்தன வருசமா எல்லாரும் எழுதிட்டிருக்கீங்க! அப்படிப்பட்ட ஆளு வாத்தியார் வேலைக்கே லாயக்கில்லைன்னு அறிக்கையில எழுதத்தான் போறேன்.”

“ஐயோ, அவ்வளவு காட்டமா எழுதிப்போடாதீங்க அம்மணி!” என்று ராசாத்தாள் டீச்சர் பதறினார்.

“பேரைச் சொல்லலைன்னா மிதுன் சார் பேரைத்தான் நான் எழுதணும். எனக்கும் மனசில்லைங்க. ஆனா வேற வழி இல்ல.” பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

மிதுன் ராசாத்தாள் டீச்சரைப் பார்த்தான். பஷீர் சாரைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“பரவால்லைங்க மேடம். எம்பேரையே எழுதிக்குங்க.”

“அடப் பைத்தியக்காரா!” ராசாத்தாள் டீச்சர் எழுந்தேவிட்டார். “புதன்கிழமை நிச்சயத்தை வெச்சுட்டு இன்னிக்கு வேலைய விடறேங்கறியே! பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது? பஷீர் சார், இனிமேலும் மறைச்சா பாவமுங்க.”

பஷீர் சார் தயக்கத்தோடு தலையாட்டினார். ராசாத்தாள் டீச்சர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். சுருட்டி வைத்திருந்த சார்ட்டுகளை விலக்கி, அடித்தட்டிலிருந்து பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை உருவினார். தூசியைத் தட்டி, இரண்டு கையாலும் மேசையில் வைத்தார்.

“எங்க மேல கோவிச்சுக்கக் கூடாதுங்க அம்மணி.”

அன்புக்கரசி அட்டையைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் பூப்போட்ட கரைக்கு நடுவே, குண்டு குண்டான எழுத்தில், பதினாலு வருடத்துக்கு முன் இதே பள்ளிக்கு நாற்பது நாள் பயிற்சிக்கு வந்து, அவசர அவசரமாக நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அதை அடியோடு மறந்தும் போன மாணவியின் பெயர் இருந்தது: ‘பெ. அன்புக்கரசி, ஆசிரியர் பயிற்சி, இரண்டாம் ஆண்டு.’

“நீங்க இங்க வாரீங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே எடுத்து ஒளிச்சு வெச்சுப்போட்டோமுங்க,” என்றார் பஷீர் சார் பணிவாக. “பார்த்தா உங்க மனசு சங்கடப்படுமல்லங்க மேடம்!”