டகோட்டாக் கடிதம்

"ஆர் அவன்?"

கரோலினா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நோர்வேயின் ஹொல்ம்லியா ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்த மூச்சு அடங்குமுன் அப்பா அருளானந்தன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எவன்?" என்றாள்.

"அமெரிக்காவிலை இருக்கிறவன். வடக்கு டகோட்டா. பேரைச் சொல்லு."

அருளானந்தன் கையிலிருந்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் அறைந்தார். பிரிண்டருக்குப் பக்கத்தில் கிடந்தவை, இருபது பக்கமாவது வரும். அவருக்குக் கோபம் வந்தால் வீட்டிலுள்ள சாமான்களுக்குத்தான் முதலில் அடி விழும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஆவணங்களிலிருந்து எடுத்த பக்கங்கள் அவை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் நோர்வேயை விட்டுப் போய் டகோட்டாச் சமவெளியில் குடியேறியவர்களின் கடிதங்கள், பண்ணைப் படங்கள், சமையல் குறிப்புகள், தேவாலயப் பதிவுகள். கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு ஓரத்தில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தது.

"அங்கை ஒருத்தரும் இல்லையப்பா. அது சரித்திரம். அந்தப் பக்கத்துச் சனம் எப்பிடி வாழ்ந்தது, என்ன சாப்பிட்டது, என்ன பாட்டுப் படிச்சது எண்டு அறியிற இடம். ஆரும் இன்ரநெற்றிலை பார்க்கலாம்."

"பார்க்கிறதெண்டால் பார்த்துப்போட்டு இருக்கிறது. அவங்கள் ஏன் கூப்பிடுறாங்கள்?"

கடைசித் தாளை உருவி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஓகஸ்ட்டிலை இருந்து நாலு மாசம். தங்க அறையும் தருவினமாம். நீங்கள் அனுப்பின குறிப்புகள் எங்களுக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு, நேரை வந்து எங்களோடை இருந்து படியுங்கோ, இண்டைக்குள்ளை பதில் போடுங்கோ எண்டு எழுதிக் கிடக்கு. இதென்ன?"

கடிதத்தின் தலையில் அருளானந்தன் என்று குடும்பப் பெயர் மட்டும் இருந்தது. மகளின் பெயருக்குப் பின்னால் தன் பெயரை ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். தன் பெயரிலேயே தனக்குத் தெரியாமல் ஒரு கடிதம் வந்திருக்கிறது என்பது அவருடைய ஆத்திரத்தை இரண்டு மடங்காக்கியது.

கரோலினா கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஏறியது.

"சிரிப்பு வருகுதோ? தாதிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கிடக்கு. அதை விட்டுப்போட்டு, இஞ்சத்தைக் குளிர் காணாதெண்டு அங்கையும் போய்ப் பனிக்குள்ளை விழுந்த வெள்ளைக்காரன்ர கதை படிக்கப் போறியோ? நீ கேட்ட எதுக்கு நான் மறுப்புச் சொன்னனான்? தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டாம் எண்டு மூண்டாம் வகுப்போடை நிண்டாய், விட்டன். பியானோ எண்டாய், வாங்கித் தந்தன். இதுக்கு மட்டும் விடமாட்டன்."

"ஏன் விடமாட்டியள்? ஒரு ஆள் தனக்கு விருப்பமான ஒண்டைப் படிக்கிறது குற்றமே?" கரோலினாவின் குரலும் உயர்ந்தது. "கடிதத்தை வடிவாய் வாசிச்சனீங்களோ? அவ்வளவு பேருக்குள்ளை தெரிஞ்செடுத்திருக்கினம். வேறை தகப்பன்மார் எண்டால் கேக் வெட்டியிருப்பினம்."

"அப்ப ஏன் ஒளிச்சது? சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் விட்டிருப்பீங்களோ?"

"விட்டிருக்க மாட்டன்."

"அதுதான் சொல்லேல்லை."

அருளானந்தன் கதிரை ஒன்றைக் காலால் தள்ளி விழுத்தினார்.

நேசமணி குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள்.

"பிள்ளையை ஏசாதேங்கோ. அவளிலை ஒரு பிழையும் இல்லை. அந்தக் கடிதம் வந்து..."

"நீ பேசாமல் இரு நேசம். உதெல்லாம் உனக்கு விளங்காது. போய் மீனைப் பார்."

இருபத்துநான்கு வருடங்களாக நேசமணி கேட்டுவரும் வசனம் அது. மற்ற நாட்களில் இதைக் கேட்டதும் குசினிக்குத் திரும்பிவிடுவாள். இன்று திரும்பவில்லை. கணவனையே பார்த்தபடி நின்றாள்.

அருளானந்தன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. மடிக்கணினியை இழுத்து மகளின் முன்னால் வைத்தார்.

"எழுது. வரேலாது, வீட்டிலை விருப்பமில்லை எண்டு எழுது. நான் பார்த்துக்கொண்டு நிக்க அனுப்பு."

கரோலினா கைகளைக் கட்டிக்கொண்டாள். "நான் எழுத மாட்டன்."

"நல்லது. நானே எழுதுறன்."

கதிரையை நிமிர்த்தி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். பாதியில் நிறுத்திவிட்டு, "மன்னிக்கோணும் எண்டதுக்கு இங்கிலிசிலை என்ன எழுதுறது?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

நேசமணி மேசைக்கு வந்தாள். மடிக்கணினியின் மூடியைப் பிடித்துச் சாத்தினாள். அவர் கையை இழுத்திருக்காவிட்டால் விரல் நசுங்கியிருக்கும்.

"மினக்கெடாதேங்கோ. எனக்கு வந்த கடிதத்துக்கு, வாறன் எண்டு நான் காலமையே பதில் போட்டிட்டன்."