மூலையில் முடிந்த தரை

சுவரோரத்தில் கடைசி இழுப்பையும் கரணையால் இழுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுடலைமணிக்கு உறைத்தது. கதவு அறையின் அந்தக் கோடியில் இருந்தது.

நடுவில் முழுக்க, இன்னும் உலராத சிவப்புச் சிமெண்டுத் தரை.

மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் வர வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுடலைமணிக்கும் தெரியும். ஐ.டி.ஐ. பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய மகானுபாவன் அவன். வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டான்.

நிற்பதற்கு இரண்டு செங்கல் அகலம் மிச்சம் இருந்தது. அதில் கால் மாற்றி மாற்றி நின்றான். சன்னலில் இரும்புக் கம்பி. அதற்கு அப்பால் காயலும், வெலிங்டன் தீவின் கிரேன்களும்.

மட்டாஞ்சேரியின் அந்தப் பழைய மிளகுக் கிடங்கு தங்கும் விடுதியாக மாறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பொன்மணி அக்கா அவனைவிட நான்கு வயதுதான் பெரியவள். அவள் தன் பெயரில் பிடித்த முதல் வேலை இது. வேலை பழக வந்தவனை ஒரு மாதம் மணல் சலிக்க வைத்துவிட்டு, இன்று காலையில்தான் கரணையைக் கையில் கொடுத்தாள். தரையில் ஒரு கால்தடம் விழுந்தாலும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் தரை போடப் போனாள்.

அதன் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தன்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப் போயிருந்தான் சுடலைமணி.

கூப்பிட்டால் மானம் போகும். நடந்தால் வேலையே போகும். மகன் கொச்சியில் மாளிகை கட்டுகிறான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அழுகை வந்துவிடும் போலிருந்தது.

கதவருகே ஆணியில் தொங்கிய சட்டைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. அம்மாவாகத்தான் இருக்கும். ஜோராக நிற்கிறேன் அம்மா, இரண்டு கால் இருந்தும் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று மனதுக்குள் பதில் சொன்னான்.

மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பொன்மணியின் அடங்கிய குரல் வந்தது.

“ஏலே சுடலை, போன எடுக்க மாட்டியா? வராந்தாவுல கெடக்குற பலகைய எடுத்துட்டு வேகம் வா. சிரிக்கப்படாது, கேட்டியா. நான் இங்கன மூலைல மாட்டிக்கிட்டேன்.”

சுடலைமணிக்கு உயிர் திரும்பி வந்தது. இனி அவன் வேலை போகாது.

பலகையை எடுத்து வரத்தான் ஆளில்லை.