சாம்பார் பரீட்சை

"கோவம் வருதா மாப்ள?" என்று ஆசை ஆசையாகக் கேட்டார் மாமனார் சகாதேவன்.

விமல்ராஜின் வெள்ளைச் சட்டையில் ஆறிய சாம்பார் அருவியாக வழிந்தது. பையில் ஒரு முருங்கைக்காய் பேனா போல நின்றது. ஊற்றியவர் மாமியார் வெள்ளையம்மாள். "கை தவறிடுச்சு," என்றார். குண்டான் காலியாகும்வரை தவறிக்கொண்டே இருந்தது அந்தக் கை!

"வருது மாமா." விமல்ராஜின் முகம் எரியும் தீபக் கொப்பரையாகச் சிவந்திருந்தது.

அவன் மனைவி ரேவதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு முன் இதே கோபத்தில்தான் அவளை அடித்தான். அன்றே கீழ்பென்னாத்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேங்கிக்காலில் கவிநிலா மேடம் நடத்தும் கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போய் அவன் மாறினால்தான் திரும்புவேன் என்றாள். இன்று அவன் வீட்டு வாசலில் இரண்டு பைகள் பிரிக்காமல் காத்திருந்தன.

விமல்ராஜ் எழுந்து வெளியே போனான். தண்ணீர் குடித்தான். அவன் இழுத்துவிட்ட மூச்சில் எதிர்வீட்டுக் கொடித்துணியே காய்ந்திருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"சின்ன வயசுல எங்கப்பா தட்டை வீசினா, நான் கட்டிலுக்கு அடியில பூந்துக்குவேன் அத்தை. அந்தப் பயந்தான் உள்ள கோவமாக் கெடக்குதுனு க்ளாஸ்லதான் புரிஞ்சுது. அதுக்காக ரேவதிய அடிச்சது ஞாயம் ஆயிடாது. அது என் தப்பு."

சகாதேவன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்கப்பன் என்னை வேப்பமரத்துல கட்டிவெச்சு அடிச்சாரு! நான் எந்தக் க்ளாஸுக்குப் போனேன்? ஏய் வெள்ளையம்மா, அப்பளம் எங்கடி?"

தட்டில் ஓங்கி அறைந்தார். வெள்ளையம்மாள் தோளைக் குறுக்கிக்கொண்டு அப்பளத்தோடு ஓடிவந்தார்.

"நான் எப்பவோ நம்பிட்டேன்மா," என்றாள் ரேவதி. "வாரா வாரம் வந்து இவரப் பாத்துட்டுத்தான போறேன். இந்தப் பரீட்சை உனக்காகத்தான். திருப்தியா?"

"ரொம்பத் திருப்திடி. க்ளாஸ் நெசமாவே வேலை செய்யுது."

"அப்பாடா! கெளம்பு வெள்ளையம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சகாதேவன் கைகழுவ எழுந்தார்.

ரேவதி சிரித்தபடி ஒரு பையை உள்ளே தூக்கிப் போனாள். இன்னொன்றை வெள்ளையம்மாளே தூக்கிவந்து மகளின் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாப்ள, அடுத்த க்ளாஸுக்கு உங்க மாமாவையும் கூட்டிட்டுப் போங்க. அவரு தேறி வர்ற வரைக்கும் இந்தப் பையும் நானும் இங்கதான்!"