தணிகாசலத்தின் நடை

மறுவாழ்வு மையத்தில் நாற்பது நாள் இருந்து குடியை விட்ட தணிகாசலம், மாலையில் மல்லிகைப்பூவோடு வீட்டுக்கு வந்தார். நடையைப் பார்த்தே ஆளை அறியும் வாசல் கதவு, அவருக்குத் திறக்கவில்லை.

"யாருங்க?" என்றது கதவு.

"இந்த வீட்டுக்காரன்தான்!"

"அவர் இப்படி நேரா நடக்க மாட்டாருங்க."

மனைவி செண்பகம் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். "நான் சொன்னாலும் அது திறக்காதுங்க. நான் பயந்துபோய் யாருக்கு வேணும்னாலும் திறந்துடுவேன்னு கதவு மாட்டினவங்க அப்படி வெச்சிருக்காங்க. பழையபடி கொஞ்சம் தள்ளாடிக் காட்டுங்க."

எதிர்வீட்டார் பார்க்க, அவர் தள்ளாடினார். கதவு அசையவில்லை.

"அவ்வளவு வேகமா இல்லைங்க. இடது பக்கம் சாயுங்க. ஒரு செருப்பை விட்டுட்டு வாங்க. இப்போ செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு எங்கப்பாவைத் திட்டுங்க, கால் தானா பழையபடி வரும்."

திட்டினார். கால் வந்தது.

"வாங்கய்யா" என்று கதவு திறந்தது.

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சமையலறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அடுத்து, மகள் படித்துக்கொண்டிருந்த அறையும் பூட்டிக்கொண்டது.

"இது என்ன கூத்து?" என்றார் தணிகாசலம்.

"நீங்க தள்ளாடி வந்தப்போ எல்லாம் தினமும் இப்படித்தாங்க பூட்டிக்கும்" என்றாள் செண்பகம். "இன்னைக்குத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது."