பாதியில் விட்ட மூச்சு

“ஊதுங்க! ஊதுங்க! விடாதீங்க, இன்னும்... இன்னும்... ப்ச்!”

விசில் ஐயா இந்தத் தடவையும் பாதியில் விட்டுவிட்டார்.

டெக்னீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுரையீரல் நோய்க்குப் புது மருந்து ஆராய்ச்சி நடக்கிற அந்த ஆஸ்பத்திரியில், குழாயில் ஊதவைத்து மூச்சை அளப்பதுதான் அவள் வேலை. முழுசாக மூன்று ஊதல் விழுந்தால் போதும், ஆளை அனுப்பிவிடலாம். பாதியில் விட்டது கணக்கில் சேராது. அதற்காக எட்டுத் தடவைக்கு மேல் ஊதவைக்கவும் கூடாது.

இந்த மனுஷன் மாதாமாதம் முதல் ஐந்தைக் கோட்டை விடுவார். கடைசி மூன்று மட்டும் கச்சிதமாக விழும்! ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டுமே, அப்போது ஒரே பேச்சு. பஞ்சு மில்லில் மேஸ்திரியின் டோப்பா மெஷினில் மாட்டிய கதை. அது முடிந்தால், “இன்னைக்கு என்ன சமைச்சே? குடை கொண்டு வந்தியா?”

“நடிப்பு டாக்டர், சுத்த நடிப்பு” என்று நர்ஸ் டாக்டரிடமே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

“வேணும்னே பண்றாருன்னா ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடலாம். இன்னைக்கே கேட்டுச் சொல்லுங்க” என்று டெக்னீஷியனிடம் சொல்லியிருந்தார் டாக்டர்.

டெக்னீஷியன் குழாயைக் கீழே வைத்தாள்.

“ஐயா, உண்மையைச் சொல்லுங்க. ஏன் பாதியில விடறீங்க?”

“பல்செட் ஆடுதும்மா.”

“போன மாசம் இருமல். அதுக்கு முந்தி கொட்டாவி. என் காதுல பூ சுத்தறீங்களா?”

பெரியவர் சிரித்தார். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. அந்தப் பட்டப்பெயரும் அவரே வைத்துக்கொண்டதுதான்.

“சிரிக்காதீங்க! உங்களை எடுத்துடச் சொல்றாரு டாக்டர். லிஃப்ட்ல வந்தவர் இப்போ படியேறி வர்றீங்க. மருந்து நின்னா என்ன ஆகும்னு தெரியுமா?”

சிரிப்பு நின்றது. மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. “வீட்டுல பேச ஆள் இல்லையா ஐயா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“பேச ஆள் இல்லாத வீடு ரொம்பக் கஷ்டம்மா.”

அது அவளுக்குத் தெரியாதா? அம்மா போனதிலிருந்து அவள் வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தால், திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி வாயைத் திறப்பாள். சே, இவரைப் போய்த் திட்டினோமே!

“அதுக்காக மூச்சை வீணாக்கணுமா? ஒழுங்கா மூணு தடவை ஊதுங்க. அப்புறம் உக்காந்து எவ்வளவு வேணா பேசுங்க. நான் விரட்ட மாட்டேன்.”

“நிஜமாவா?”

“சத்தியமா.”

மூன்றும் முழுசாக விழுந்தன. டாக்டருக்குப் போன் போட்டு, “பல்செட் தகராறு சார். இனிமே சரியா ஊதுவாரு” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அதன்பிறகு பேச உட்கார்ந்தார்கள். அவர் பேசியதைவிட அவள் பேசியதுதான் அதிகம். அம்மாவின் கோபத்தைச் சொல்லிச் சிரித்தாள், அம்மாவின் கடைசி நாளைச் சொல்லி அழுதாள். பெரியவர் ‘உம்’ கொட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் கிளம்பிப் போன பிறகுதான் நாற்காலியில் அவருடைய தொப்பியைப் பார்த்தாள். பாவம், தனிக்கட்டை, இதற்காக யார் திரும்பி வருவார்கள்? எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசலில் ஒரு வேன். உள்ளே அவர் மனைவி, மகன், மருமகள், மூன்று பேரப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தொப்பியை நீட்டினாள்.

மருமகள் இறங்கி வந்து தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

“நீங்கதானா அக்கா அது? மாசாமாசம் எங்களை இப்படிக் காக்கவைக்கிறாரு மாமா. கேட்டா, ‘அந்தப் பொண்ணுக்கு அம்மா தவறிட்டாங்களாம், பேசக்கூட ஆள் இல்ல, சீக்கிரம் ஊதிட்டா கிளம்பச் சொல்லிடுவா, அதான் பாதியில விடறேன்’னு சொல்றாரு!”