தேறாதவர்களின் வகுப்பு

நர்சிங் கல்லூரியில் அந்த ஆசிரியைக்கு அன்றுதான் முதல் நாள். அன்று சாயங்காலமே தலையில் ஒரு தனி வகுப்பைக் கட்டிவிட்டார்கள்.

முதலாம் ஆண்டில் சிலர் படிப்பில் பின்தங்கிவிட்டார்கள் என்றார் முதல்வர் அம்மா. மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் அவர்களை உட்காரவைத்துக் கைதூக்கிவிட வேண்டுமாம். பேச்சில் அக்கறை வழிந்தது.

செய்முறை அறையில் ஒரு கட்டில். அதில் ஒரு கை கழன்ற ரப்பர் நோயாளி பொம்மை. சுற்றிலும் நாற்காலிகளில் அவர்கள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

பாதிப் பேர் நோட்டைக்கூடத் திறக்கவில்லை.

ஆசிரியைக்குச் சுர்ரென்று ஏறியது. காய்ச்சலில் கிடக்கும் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இதற்காகவா?

பலகையில் ஒரு மருந்துக் கணக்கு எழுதினாள். டாக்டர் கொடுக்கச் சொன்னது 750 மில்லிகிராம், கையில் இருப்பது 500 மில்லிகிராம் மாத்திரை. எத்தனை கொடுப்பீர்கள்?

சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுப்பதற்குள் முன்வரிசைப் பெண் ஒன்றரை என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுத்து, குளுக்கோஸ் பாட்டில் கணக்கு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், வேற்று மொழிச் சாயலோடு, சொன்னது. அதுவும் சரி.

அதுதான் அவளை இன்னும் கிளறிவிட்டது. இவ்வளவு தெரிந்தும் தோற்றிருக்கிறார்கள் என்றால் அது திமிர்தானே?

வாய்க்கு வந்தபடி திட்டினாள். இது மனித உயிரோடு புழங்குகிற வேலை, மூளை இருந்தும் உடம்பு வளையாதவர்களுக்கு வார்டில் இடமில்லை என்றாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த மௌனமும் திமிராகவே பட்டது.

முன்வரிசைப் பெண்ணின் எதிரில் போய் நின்றாள்.

"உனக்கு எந்தப் பாடத்துலம்மா போச்சு?"

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"எதுலயும் போகல, மேடம். காலேஜ் திறந்தே ரெண்டு வாரம்தான் ஆகுது. இன்னும் ஒரு பரீட்சைகூட வைக்கல."



பிறகுதான் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முன்முடி நரைத்த ஓர் அம்மா. காதில் கருவி மாட்டிய ஒருத்தி. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்திருந்த இன்னொருத்தி. கடைசி வரிசையில், அந்த வேற்று மொழி இளைஞன்.

அப்படியானால் உன்னை ஏன் இங்கே போட்டார்கள் என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டாள். தன் அம்மா இந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள் என்று மட்டும் அவள் சொன்னாள்.

ஆசிரியையின் கோபம் இறங்கவில்லை. அது போக வேண்டிய இடம்தான் தெரிந்துவிட்டது.

எல்லோரையும் எழுந்து வரச் சொன்னாள். வேண்டாம் மேடம், உங்கள் வேலைக்கு வினையாகும் என்று நரைத்த அம்மா தடுத்துப் பார்த்தாள். ஆசிரியை காதில் வாங்கவில்லை. ஊன்றுகோல்காரிக்காக மட்டும் படியில் நின்று நின்று இறங்கினாள்.

முதல்வர் தன் அறையில் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். வாசல் நிறைய நின்ற கூட்டத்தைப் பார்த்ததும், என்ன விஷயம் என்றார்.

ஆசிரியை குரலை உயர்த்தவே இல்லை.

"இவங்க மார்க்கைக் கொஞ்சம் கொடுங்க, மேடம். யாருக்கு எது வரலன்னு பார்த்துத்தானே நான் சொல்லிக்கொடுக்கணும்."

முதல்வர் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

திறந்தவர், உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.