சீசன் இல்லாத கூட்டம்

வெளிநாட்டுப் பயணிகளை அனுப்பும் ஏஜென்ட் அம்மாள் அந்தக் கடற்கரை விடுதியைச் சுற்றிப் பார்த்தாள். சோபாவில் உட்கார இடமில்லை. நீச்சல் குளத்தில் ஒரே கூச்சல். மேலாளர் மனசுக்குள் துள்ளிக் குதித்தார். இவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் மாதக் கடைசியில் விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான்.

“சீசன் இல்லாதப்பவே இவ்வளவு கூட்டமா?”

“எப்பவுமே இப்படித்தான் மேடம்.”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். “அப்ப சரிப்படாது சார். எங்க ஆளுங்க கூட்டத்துக்குப் பயந்துதான் ஊரை விட்டே கிளம்பறாங்க. அமைதியா இருந்தா ரெண்டு மடங்கு கொடுப்பாங்க.”

“ஒரே நிமிஷம் மேடம்!” என்ற மேலாளர் திரும்பிக் கையைத் தட்டினார்.

“அண்ணி, பசங்களைக் கூட்டிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க. மாமா, பேப்பரை மடிச்சு வைங்க. சித்தப்பா, குளத்தை விட்டு வெளியே வாங்க!”

சற்று நேரத்தில் விடுதி வெறிச்சோடியது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நிஜமா எப்பவும் இப்படித்தானா?”

“சத்தியமா மேடம். ஈ காக்கா எட்டிப் பார்க்காது.”

அவள் உட்கார்ந்து பேனாவைத் திறந்த பிறகுதான் மேலாளருக்கு மூச்சு வந்தது.

துண்டோடு போன சித்தப்பா வாசலில் நின்றார். “நாளைக்கும் வரணுமாடா?”

“வேண்டவே வேண்டாம் சித்தப்பா. நீங்க வராம இருக்கத்தான் இவங்க காசு தர்றாங்க.”